ஒன்பது மா நிலம், ஏழரை லட்சம் கடன்: ஒரு எம்.பி.ஏ. சேர்க்கையின் கணக்கு

மன்னார்குடி வட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பம். 2025 ஜூன் மாதம் அவர்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பி.காம். முடித்த மூத்த மகளை எம்.பி.ஏ. சேர்க்கலாமா, சேர்ப்பதென்றால் எங்கே, எவ்வளவு கடன் வாங்கி? வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் காகிதங்களோடு என்னிடம் வந்தார்கள். பெயரும் ஊரும் சொல்லப் போவதில்லை. ஒரே நிலையில் இருந்த சில குடும்பங்களின் விவரங்களைச் சேர்த்துத்தான் இந்த ஒரு குடும்பமாக எழுதியிருக்கிறேன். கல்லூரிகளும் அப்படியே. வட்டிக் கணக்கு மட்டும் பைசா சுத்தமாகப் போட்டது.

குடும்பம்

அப்பாவுக்குச் சொந்தமாக ஒன்பது மா நஞ்சை, அதாவது மூன்று ஏக்கர். ஆற்றுப் பாசனம், ஆழ்துளைக் கிணறு கிடையாது. 2024-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குப் பதிலாக ஜூலை 28-இல்தான் திறந்தது என்பதால் அந்த வருடம் குறுவையே போடவில்லை. சம்பா மட்டும். மாவுக்குப் பத்து மூட்டை வீதம் தொண்ணூறு மூட்டை, அறுபது கிலோ மூட்டை என்றால் 54 குவிண்டால். கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கு 2,450 ரூபாய் வீதம் போட்டு மொத்தம் 1,32,300 ரூபாய் வந்தது. உழவு, நடவு, உரம், அறுவடை இயந்திரம் எல்லாம் போக மிஞ்சியது அதில் பாதிகூட இல்லை. அம்மா இரண்டு மாடு வைத்திருக்கிறார், தையல் தெரியும். வீட்டின் மாதாந்திரச் செலவு ஓடுவது உண்மையில் அம்மாவின் வருமானத்தில்தான். ஒரு தம்பி, பிளஸ் ஒன்.

மகள் அரசுக் கல்லூரியில் படித்தவள். மதிப்பெண் நன்றாகவே இருந்தது. மார்ச்சில் தமிழக எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான டான்செட் எழுதியிருந்தாள், மதிப்பெண் நடுத்தரம். டேலி கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவதும் ஓரளவு தெரியும். அதை வைத்து ஊரிலேயே ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் மாதம் 13,000 ரூபாய்க்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த 13,000-ஐ அந்த வீட்டில் யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கணக்கு முழுவதும் இந்த எண்ணின் மேல்தான் நின்றது.

கையில் இருந்த வழிகள்

முதலாவது, சென்னையை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரி. மன்னார்குடியில் இருக்கும் ஒரு சேர்க்கை ஏஜென்ட் மூலமாக வந்தது, நிர்வாக ஒதுக்கீட்டு இடம். இரண்டு வருடக் கட்டணம் 7 லட்சம், விடுதியும் சாப்பாடும் சேர்த்து 1.9 லட்சம். அதில் ஏழரை லட்சம் வங்கிக் கடன், மீதிக்கு அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி. ஏஜென்ட் கொடுத்த வண்ணக் காகிதத்தில் ‘அதிகபட்சச் சம்பளம் 12 லட்சம், சராசரி 6.2 லட்சம்’ என்று இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் எதுவும் இல்லை, அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

இரண்டாவது, டான்செட் கலந்தாய்வு வழியாகத் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரி. கட்டணம், புத்தகம், மடிக்கணினி, பேருந்து எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 2.2 லட்சம். தங்குவதற்குத் திருவெறும்பூரில் சித்தி வீடு இருந்தது.

மூன்றாவது, 13,000 ரூபாய் வேலையில் சேர்ந்துவிட்டு வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பது. இதை அந்தப் பெண் தானாகச் சொல்லவில்லை. நான் கேட்டபோது, “அதுவும் யோசிச்சேன் சார்” என்றாள், அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். டெல்டாவிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில்தான், திருச்சியில், 1984-இல் தொடங்கிய பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, 2011-இல் வந்த ஐ.ஐ.எம். இருக்கிறது, என்.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை இருக்கிறது. மூன்றிலும் சேர முக்கிய வழி கேட் (CAT) என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு. நம் பக்கத்து பி.காம். பிள்ளைகளில் அந்தத் தேர்வை எழுதியவர்கள் எனக்குத் தெரிந்து அபூர்வம். இந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு தேர்வு இருப்பது டான்செட் எழுதிய பிறகுதான் தெரியும். அங்கே கட்டணமும் பெரிது, சம்பளமும் பெரிது. அந்தக் கணக்கை இதோடு கலக்கக் கூடாது. ‘எம்.பி.ஏ. படித்தால் இவ்வளவு சம்பளம்’ என்று பத்திரிகையில் வரும் எண்கள் பெரும்பாலும் அந்த மாதிரி இடங்களிலிருந்து வருபவை. அதை வைத்துக்கொண்டு இங்கே கடன் வாங்குவதுதான் இந்த வகைக் குடும்பங்களில் நடக்கும் முதல் தவறு.

காகிதத்தில் உள்ள சம்பளமும் கைக்கு வருவதும்

சராசரி என்பதை முதலில் பார்த்தோம். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு 3.6 லட்சம், ஒருவருக்கு 8, ஒருவருக்கு 12 என்றால் சராசரி 4.88 லட்சம் வந்துவிடும். ஆனால் வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது 3.6தான். வேலை கிடைக்காதவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்றால் சராசரி இன்னும் அழகாகத் தெரியும்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு, பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் தேசியத் தரவரிசை அமைப்பான என்.ஐ.ஆர்.எஃப்.-க்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களின் இடைநிலைச் சம்பளம், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம், எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று தகவல் கொடுக்க வேண்டும். தரவரிசையில் இடம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தாள் கல்லூரியின் இணையதளத்தில் இருக்கும். திருச்சிக் கல்லூரியின் தாளில் அறுபது பேரில் முப்பத்தெட்டுப் பேருக்கு வேலை, இடைநிலை 3.2 லட்சம் என்று இருந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எண் இல்லை. ஆனால் இருபத்திரண்டு பேருக்கு வளாகத்தில் வேலை இல்லை என்பதையும் அதே தாள் சொல்லிவிடுகிறது. சென்னைக் கல்லூரி என்.ஐ.ஆர்.எஃப்.-க்கு விண்ணப்பித்ததாகவே தெரியவில்லை. அங்கே படித்த சீனியர்களைப் போனில் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். தனியார் வங்கிகளுக்குக் கணக்கு பிடித்துக் கொடுக்கும் வேலை, ரியல் எஸ்டேட் விற்பனை, காப்பீடு. பெரும்பாலோர் சொன்ன தொகை ஆண்டுக்கு 3.6 லட்சம்.

அந்த 3.6 என்பது நிறுவனத்தின் மொத்தச் செலவுக் கணக்கு, சி.டி.சி. அதில் இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் பகுதி 48,000 என்று வைத்தோம். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி மாதம் 1,800. பணிக்கொடைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஒதுக்குவதும் அதே 3.6-க்குள்தான். இதெல்லாம் போனால் மாதம் 23,000. அதிலிருந்து தொழிலாளர் பங்கு வைப்பு நிதி இன்னொரு 1,800 பிடிப்பார்கள், அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி. கைக்கு வருவது 21,000. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “முப்பதாயிரம்னு சொன்னாங்களே” என்றார். 3.6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் முப்பதாயிரம்தான் வரும். வகுத்தது சரி, வகுக்கப்பட்ட தொகைதான் சரியில்லை.

தவணை எவ்வளவு?

கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடும். தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. ஆனால் அந்தக் காலம் முடியும்போது சேர்ந்த வட்டி முழுவதையும் அசலோடு கூட்டி, அதற்குத்தான் தவணை நிர்ணயிப்பார்கள். கணக்குக்கு 10.5 சதவீத வட்டி எடுத்துக்கொண்டோம்.

ஏழரை லட்சம் நான்கு செமஸ்டரில் நான்கு சம பங்காகப் போகிறது. மூன்று வருட முடிவில் வட்டி 1,77,188. கட்ட வேண்டிய அசல் 9,27,188 ஆகிவிடுகிறது. பத்து வருடத்தில் கட்டினால் மாதம் 12,511 ரூபாய். பதினைந்து வருடம் வரை நீட்டிக்கலாம், அப்போது மாதம் 10,249. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 15 லட்சத்திலிருந்து 18.4 லட்சமாக ஏறும்.

பத்து வருடத் தவணையை ஆண்டுக்கு மாற்றினால் 1,50,132. மேலே சொன்ன சம்பா விற்றுமுதல் 1,32,300. ஒன்பது மாவில் விளைந்தது மொத்தத்தையும், செலவே இல்லாமல் விளைந்ததாக வைத்துக்கொண்டாலும், கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு அப்படியே வங்கிக்குக் கொண்டுபோனாலும், ஒரு வருடத் தவணைக்குக் காணாது. மகளுக்கு வேலை நின்றால் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அப்பாவிடம்தான் வங்கி வரும். இந்த ஒரு ஒப்பீட்டைத் தவிர வேறு எதையும் நான் அவரிடம் அழுத்திச் சொல்லவில்லை.

இன்னொன்று, நெல் பணம் தையிலும் மாசியிலும் மொத்தமாக வருவது. தவணை மாதாமாதம் ஐந்தாம் தேதி வருவது. நம் பக்கத்தில் கல்விக் கடன் நிலுவையாவதற்குப் பாதிக் காரணம் பணம் இல்லாதது, மீதிப் பாதி பணம் இருக்கும் மாதமும் கேட்கும் மாதமும் வேறாக இருப்பது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிவந்தால் பல வங்கிகள் அந்தக் காலத்துக்கு ஒரு சதவீதம் குறைக்கின்றன. ஏழரை லட்சத்துக்கு அப்படிக் கட்டினால் முதல் வருடம் 26,719, இரண்டாம் வருடம் 62,344, மூன்றாம் வருடம் 71,250. அறுவடைப் பணத்தில் வருடம் ஒரு முறை முடித்துவிடலாம் என்று தோன்றும். தவணை 12,511-லிருந்து 10,120 ஆகக் குறையும். ஆனால் இந்தக் குடும்பத்தின் சம்பா லாபமே அறுபதாயிரத்தை எட்டாது. இரண்டாம் வருடமே தாங்காது.

திருச்சி வழியில் 2.2 லட்சம். நான்கு லட்சம் வரை வங்கி ஈடு கேட்கக் கூடாது, சொந்தப் பணமும் போட வேண்டாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, நாக் (NAAC) அல்லது என்.பி.ஏ. (NBA) என்ற தர அங்கீகாரம் உள்ள இடத்தில் தொழிற்படிப்பு படித்தால், தவணை தொடங்காத மூன்று வருடத்து வட்டியை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கிறது. 2009-இலிருந்து நடக்கும் திட்டம். வட்டாட்சியரிடம் வருமானச் சான்று வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். திருச்சிக் கல்லூரிக்கு நாக் இருந்தது. சென்னைக் கல்லூரிக்கு இல்லை. இந்த ஒரு வேறுபாடு மட்டும் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் பெறும், ஏஜென்ட் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டமும் தரவரிசையில் உள்ள கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை.

மானியம் கிடைத்தால் திருச்சிக் கடன் மூன்று வருடம் கழித்தும் 2.2 லட்சமாகவே நிற்கும். ஐந்து வருடத் தவணை 4,729.

வருமான வரிச் சலுகை பற்றி மாமா ஒருவர் சொல்லியிருந்தாராம். கல்விக் கடன் வட்டியைக் கழிக்கலாம் என்பது உண்மை, எட்டு வருடம் வரை. பழைய வரி முறையில் மட்டும். மூன்று லட்சம் சம்பளக்காரருக்கு வரியே வராது, கழிப்பதற்கு என்ன இருக்கிறது.

எதை எதோடு ஒப்பிடுவது

பொதுவாகச் செய்வது, சம்பளத்தை ஒரு பக்கமும் தவணையை மறுபக்கமும் வைத்து, “21,000 சம்பளம், 12,500 தவணை, கஷ்டம்தான் ஆனா சமாளிக்கலாம்” என்று முடிப்பது. எம்.பி.ஏ. படிக்காவிட்டாலும் அந்தப் பெண் சம்பாதிக்கத்தான் போகிறாள். ஆகவே தவணைக்கு எதிரே வைக்க வேண்டியது முழுச் சம்பளம் இல்லை, படிப்பால் கூடுதலாகக் கிடைக்கும் தொகை. அதுவும் வெளியூர்ச் செலவு போக.

ஊர் வேலை 13,000. போக்குவரத்து 1,500. வீட்டுச் சாப்பாட்டுக்கு 3,000 போட்டேன். அம்மா, “வீட்டுச் சோத்துக்கு யாராவது காசு போடுவாங்களா சார்” என்று சிரித்தார். போட வேண்டும். அரிசி சொந்த வயலில் விளைந்ததாக இருக்கலாம், ஆனால் விற்றிருந்தால் பணம். மிச்சம் 8,500. ஆண்டுக்குச் சம்பளம் ஏழு சதவீதம் போலவும் செலவு ஐந்து சதவீதம் போலவும் ஏறும் என்று வைத்தால், 2025-இலிருந்து எண்ணி மூன்றாம் வருடம் மிச்சம் 10,000, எட்டாம் வருடம் 14,500.

சென்னை: கைக்கு 21,000. சாப்பாட்டுடன் விடுதி 8,500, மின்சார ரயில், போன், உடை, மன்னை எக்ஸ்பிரஸில் ஊர் வந்துபோவது எல்லாம் சேர்த்து 4,500. மிச்சம் 8,000. அதாவது எம்.பி.ஏ. முடித்த முதல் வேலை வருடத்தில் மிஞ்சுவது, படிக்காமல் ஊரிலேயே மூன்றாம் வருடம் வேலை பார்ப்பவளைவிட 2,000 குறைவு. சம்பளம் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதம் வீதம் ஏறினால் ஐந்தாம் வருடம் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். எட்டாம் வருடம் சென்னைக்காரியின் கையில் 5,900 கூடுதல். தவணை 12,511.

அப்படியென்றால் எவ்வளவு சம்பளம் இருந்தால் சென்னைக் கடன் நியாயமாகும்? பின்னாலிருந்து கணக்குப் போட்டால், சேரும்போதே கைக்கு 33,000 வர வேண்டும். சி.டி.சி.யில் ஐந்தரை லட்சம். அந்தக் கல்லூரியில் ஐந்தரை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் முதல் சில பேர். இவள் அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம். அந்த ‘லாம்’-ஐ வைத்து அப்பா ஏழரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

திருச்சி: கைக்கு 19,000. வேலைக்குப் போன பிறகும் சித்தி வீட்டிலேயே இருப்பாள் என்று வைக்கவில்லை, உறவு வேறு கணக்கு வேறு. தனியாகத் தங்கினால் செலவு 9,500, மிச்சம் 9,500. நான்காம் வருடம், அதாவது தவணை தொடங்கும்போது, படிக்காத வழியைவிட 600 ரூபாய் கூடுதல். எட்டாம் வருடம் 6,800 கூடுதல். ஐந்து வருடத் தவணையும், படிக்கப் போனதால் இழந்த இரண்டு வருட மிச்சமான சுமார் 2.1 லட்சத்தையும் சேர்த்து ஈடுகட்டப் பதினோராம் வருடம் ஆகிறது.

பதினோரு வருடம் என்றதும் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இதைவிட மோசமான செய்தியும் இருந்தது. சம்பள ஏற்றம் பன்னிரண்டு சதவீதம் என்பது என் ஊகம். அதை எட்டு என்று மாற்றினால் எட்டாம் வருடத்திலும் வித்தியாசம் 1,200 ரூபாய்தான், போட்ட பணம் திரும்புவதே சந்தேகம். முழுக் கணக்கிலும் ஆட்டம் காணும் இடம் இது. சம்பள ஏற்றம் நம் கையில் இல்லை, வட்டி வங்கியின் கையில், வேலை சந்தையின் கையில். குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரே எண் கடன் தொகை.

மூன்றாவது வழியையும் இதே தட்டில் வைத்தேன். பொதுத்துறை வங்கி எழுத்தர் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். தொடக்க அடிப்படைச் சம்பளமே 24,050, அகவிலைப்படி வேறு. இந்த இரண்டு கல்லூரிகளிலும் எம்.பி.ஏ. முடித்தவர்களில் பெரும்பாலோர் வாங்கும் தொடக்கச் சம்பளத்தை அது முதல் நாளிலேயே தாண்டிவிடும். கிடைத்தால். கும்பகோணம், தஞ்சாவூர் பயிற்சி மையங்களில் வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் அந்த ‘கிடைத்தால்’ எவ்வளவு கனம் என்று புரியும்.

எண்ணில் வராதவை

அம்மா நேரடியாகவே கேட்டார்: “ரெண்டு வருஷம் படிப்பு, அப்புறம் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வேலை. அதுக்குள்ள மாப்பிள்ளை பார்த்துடுவோம். கடன யாரு கட்டுறது?”

கல்விக் கடன் பற்றி எழுதுபவர்கள் இதைத் தொடுவதில்லை. டெல்டாவில் பெண் பிள்ளைக்குக் கடன் வாங்கும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி பேசாமலேயே உட்கார்ந்திருக்கும். பத்து வருடத் தவணை என்றால் இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வரை. அதற்குள் கல்யாணம், பிள்ளைப்பேறு, வேறு ஊர். பதினோராம் வருடம் லாபம் என்ற என் கணக்கு, நடுவில் ஒரு நாளும் வேலை நிற்காது என்று வைத்துப் போட்டது. இரண்டு வருடம் நின்றால் கணக்கே வேறு. பெண் பார்க்க வருகிறவர்கள் எம்.பி.ஏ.வைக் கேட்கிறார்கள், பெருமையாக இருக்கிறது. நிலுவைத் தவணையைச் சொன்னால் பேச்சு மாறுகிறது. 12,511 தவணையோடு பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் புகுந்த வீட்டில் அவள் சம்பளத்துக்கு அவளுக்கே உரிமை இருக்குமா என்பதை அந்த அம்மா யோசித்த அளவுக்கு வேறு யாரும் யோசிக்கவில்லை. 4,729 என்றால் அவளே தன் கைச்செலவிலிருந்து கட்டிவிடுவாள், யாரிடமும் கேட்க வேண்டாம் என்றார். எனக்கு அது வட்டி விகிதத்தைவிடப் பெரிய காரணமாகப்பட்டது.

அப்பாவுக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை இருந்தது, கடைசியில்தான் வெளியே வந்தது. தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியானபோது அவருடைய கடனும் போனது. அடுத்து கூட்டுறவு நகைக் கடன், ஐந்து பவுன் வரை. அது மாதிரி இதுவும் ஒரு தேர்தலில் போய்விடாதா? போகாது என்று சொல்ல நான் சோதிடன் இல்லை. ஆனால் அந்த இரண்டும் மாநில அரசின் பிடியில் உள்ள கூட்டுறவுச் சங்கங்களின் கடன். கல்விக் கடன் கொடுப்பது பொதுத்துறை வங்கி. மாநிலம் தள்ளுபடி அறிவிக்க வேண்டுமென்றால் முழுப் பணத்தையும் வங்கிக்குக் கட்ட வேண்டும். அதை எதிர்பார்த்துத் தவணையை நிறுத்தியவர்களின் சிபில் மதிப்பெண், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று காட்டும் மதிப்பெண், என்ன ஆனது என்று என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். பிள்ளையின் மதிப்பெண் மட்டும் இல்லை, கையெழுத்துப் போட்ட அப்பாவுடையதும் சேர்ந்து விழும்.

விழுந்தால் அடிபடுவது தம்பி. அவன் 2027-இல் கல்லூரிக்குப் போவான். அவனுக்கும் இணைக் கடன்தாரர் இதே அப்பாதான்.

நடந்தது

ஒரு வாரம் கழித்துத் திருச்சி என்று முடிவு சொன்னார்கள். நான் மூன்றாவது வழியின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை. வேலையில் சேர்ந்து, கையில் கொஞ்சம் பணமும் அனுபவமும் சேர்த்துக்கொண்டு, நவம்பரில் கேட் எழுதிப் பார்க்கட்டும், ஒரு வருடம் தாமதமானால் குடி முழுகிவிடாது என்பது என் எண்ணம். அந்தப் பெண் சொன்ன பதில் வேறு. தணிக்கையாளர் அலுவலகத்தில் பத்து வருடமாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இப்போது வாங்குவது 19,000 என்றாள். “அங்க உட்கார்ந்தா நானும் அங்கயேதான் சார் இருப்பேன்.” நான் போட்ட ஏழு சதவீத ஏற்றம் அந்த அக்காவுக்கு வரவில்லை. அப்படியானால் படிக்காத வழியின் எண்களையும் நான் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருக்கிறேன். திருச்சிக் கணக்கு அந்த அளவுக்குத் தேறியது.

கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்தார்கள். வருமானச் சான்றில் எழுதியிருந்த தொகையைப் பார்த்து வங்கியில் இருந்த இளம் அதிகாரி, இந்த வருமானத்தில் எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டாராம். மானியம் வாங்க ஏழையாகவும் கடன் வாங்க வசதியாகவும் ஒரே மனிதர் ஒரே வாரத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. நான்கு லட்சத்துக்குள் என்பதால் பேச்சு அதோடு நின்றது. அனுமதி வந்து முதல் செமஸ்டர் கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போய்விட்டது.

முதல் செமஸ்டர் முடிந்தபோது கடன் கணக்கில் வட்டி ஏறியிருப்பதைப் பார்த்து அப்பா பதறிக்கொண்டு போன் செய்தார். மானியம் மாதாமாதம் வராது. வங்கி முதலில் வட்டியைப் பற்று வைக்கும். பிறகு மானியத்துக்குப் பொறுப்பு வங்கியான கனரா வங்கியிடம் கோரிக்கை அனுப்பி, பணம் வந்ததும் வரவு வைக்கும். இதற்கு வருடம் ஒரு முறை கிளைக்குப் போய், கோரிக்கையில் தன் பெயர் சேர்ந்ததா என்று மாணவியே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கேட்காதவர்களின் பெயர் விட்டுப்போவதை நான் வேலையில் இருந்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன். இவள் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வைத்திருக்கிறாள்.

அவளுக்குத் தவணை தொடங்குவது 2028 நடுவில். தம்பி அதற்கு ஒரு வருடம் முன்னால் கல்லூரிக்குப் போக வேண்டும், பி.பி.ஏ. கேட்கிறான். 2024-25-லிருந்து பி.பி.ஏ.வும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதிக்குள் வந்துவிட்டது என்பதால் கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா, நாக் இருக்கிறதா என்று அக்காவே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். அப்பாவின் கையெழுத்தில் இப்போது நிற்பது 2.2 லட்சம் மட்டும். தம்பிக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டு இந்த வருடம் அறுவடை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.